கோலாலம்பூர் செலவைப் புளியரையிலிருந்து கணக்குப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுப் பயணம் பற்றி வரும் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று நல்ல படங்களோடு போடுகிறீர்கள். எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்பதெல்லாம் தெளிவாகவே வருகிறது. ஆனால் செலவு என்று வந்தால் எல்லாக் கட்டுரையும் சென்னை விமான நிலையத்து வாசலில்தான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே பையில் பாதி காலியாகிவிடும். அதை யாராவது எழுத வேண்டும். கடிதம் கொஞ்சம் நீளம்; பொறுத்துக்கொண்டு வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் செங்கோட்டையை அடுத்த புளியரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரைத் தாண்டினால் சோதனைச் சாவடி, அப்புறம் மலை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அதனால் எங்களில் பல குடும்பங்களுக்குப் பாதிச் சொந்தம் கேரளத்தில் இருக்கும். என் வீட்டுக்காரரின் அக்கா குளத்தூப்புழையில் இருக்கிறார். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அத்தை, மதினி, நான், அவர் என நாலு பேரும் கோலாலம்பூருக்கு ஒரு சின்னப் பயணம் போய்வந்தோம். எங்களில் ஒருவர்கூட அதற்கு முன் விமானம் ஏறியதில்லை. போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எல்லாச் செலவையும் எழுதிவைத்தேன். இப்போது அக்கம்பக்கத்தில் யார் போவதென்றாலும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதில் உள்ளதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பாஸ்போர்ட். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். 60 வயது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதால் அத்தைக்கு 1,350. அரசுக்குக் கட்டுவது இவ்வளவுதான். போலீஸ் விசாரணைக்கென்று தனியாக ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பணம் போகிற இடம் வேறு. பெயர்!

மதினியின் பெயரில் லட்சுமி வரும். கேரளத்துப் பள்ளிச் சான்றிதழில் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தை அடுத்து ‘ஈ’ (E) போட்டு Lekshmi என்று எழுதியிருந்தார்கள். தென் கேரளத்தில் பலரும் அப்படித்தான் எழுதுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இங்கே எடுத்த அட்டையில் ‘ஏ’ (A), அதாவது Lakshmi. ஒரே எழுத்துதான். ஆனால் விமான டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயர் சரியாக வர, கொடுக்கிற சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஆதாரைத் திருத்த இரண்டு தடவை பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு மதினி அலைந்தார். குளத்தூப்புழையில் மதினி வீட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டக் குடும்பங்கள் இருக்கின்றன. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, மறுவாழ்வுத் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தாத்தா பெயர் கப்பலில் வந்த காலத்துக் காகிதத்தில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பேரனின் சான்றிதழில் மலையாள வழக்கப்படி வேறொரு மாதிரி. அவர்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பெயர் வேலைக்கே மாசக்கணக்கில் ஆகிறது. டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டுக் காகிதத்துக்கு அலையும் வழியை யாரும் இவர்களுக்குச் சொல்லக் கூடாது. பெயர் சரியாகி, பாஸ்போர்ட் கையில் வந்த பிறகே டிக்கெட்.

இனிஷியல் விஷயமும் உண்டு. நம் ஊரில் அப்பா பெயருக்கு ஓர் எழுத்தைப் போட்டு முடித்துவிடுவோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். வெறுமனே ஒற்றைப் பெயரோடு விட்டாலும் சிக்கல். 2022 நவம்பர் முதல் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதில்லை. இன்றைக்குக் கோலாலம்பூர் போகிறவர் நாளைக்கு மகனைப் பார்க்க துபாய் போகலாம். விண்ணப்பிக்கும் அன்றைக்கே இதை யோசித்துவிடுவது நல்லது.

என் வீட்டுக்காரர் எட்டாவது வரை படித்தவர். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று ஈ.சி.ஆர். முத்திரை வரும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் இது வராது. அதனால் பள்ளிக்கூடமே போகாத அத்தைக்கு முத்திரை இல்லை, என் வீட்டுக்காரருக்கு இருந்தது. இந்த முத்திரை உள்ளவர்கள் வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் தாய்லாந்தும் இருக்கின்றன. இதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் பயணத்தையே விட்டுவிட்டன. சுற்றுலாவாகப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை என்பதை நீங்கள் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அவரிடம் மட்டும் கூடுதலாக நாலு கேள்வி கேட்டார். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் ரசீது, கையில் உள்ள பணம் மூன்றையும் காட்டினோம், அனுப்பிவிட்டார். இந்த மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்து வைத்திருக்க வேண்டும். போனில் இருக்கிறது என்று அந்த வரிசையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விசா பற்றி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள் வரை தங்க விசா வேண்டியதில்லை. 2026 டிசம்பர் 31 வரை இதை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். மலேசியக் குடியேற்றத் துறையின் தளத்தில் இது இலவசம். சிங்கப்பூர் வருகை அட்டையும் அப்படியே, இலவசம்தான். ஆனால் சிங்கப்பூருக்கு விசா தனியாக எடுக்க வேண்டும். இங்கே ஒரு நெட் சென்டரில் வருகை அட்டைக்குத் தலைக்கு 500 ரூபாய் கேட்டார்கள். நாலு பேருக்கு 2,000. என் கடையில் பத்துப் பதினோரு ஜாக்கெட் தைத்த கூலி அது. பணம் கேட்கிற போலித் தளங்கள் தேடியதுமே முதலில் வந்து நிற்கின்றன. அரசுத் தளத்தின் முகவரியை உங்கள் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுவதில் உங்களுக்கு என்ன சிரமம் இருக்கப்போகிறது?

அடுத்தது எந்த விமான நிலையம் என்பது. எங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம். மதுரை, கொச்சி, திருச்சி என்று மற்றதும் உண்டு. திருச்சியிலிருந்து டிக்கெட் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் குறைவாகத்தான் இருந்தது. நாலு பேர் பெட்டியோடு திருச்சி வரை போய், அங்கே காத்திருந்து, சாப்பிட்டு, திரும்பியும் வர ஆகும் செலவை எழுதிக் கூட்டினேன். மிச்சம் ஒன்றும் இல்லை. கொச்சிக்குப் போகிறவர்களுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நம் செங்கோட்டையிலேயே ஏறி ஆலுவாவில் இறங்கினால் நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம் பக்கம். ரயிலில் போவது மலிவு, நடுராத்திரியில் ஏற வேண்டும் என்பது ஒன்றுதான். நாங்கள் திருவனந்தபுரத்தை எடுத்தோம். ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை வழியாக மதினியையும் ஏற்றிக்கொண்டு பாலோடு, நெடுமங்காடு என்று கார் போனது. போக 3,800, வர 3,800.

இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். புளியரை ‘எஸ்’ வளைவில் கனரக லாரிகள் வரிசை கட்டி நின்றால் மலையேறவே ஒரு மணி நேரம் போய்விடும். சாரல் காலத்தில் மரம் சாய்ந்தால் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள் என்றால், நாங்கள் அதற்கும் மேலே இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். இன்னொன்று, திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. ஐப்பசி, பங்குனி என்று வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த மாலை நேரத்தில் ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள், விமான நேரங்கள் மாறும். தேதி பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

நள்ளிரவு விமானத்தின் தேதியையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 12.20 என்று போட்டிருந்தால், 14-ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்ற குடும்பத்தைப் பற்றி எங்கள் கார் ஓட்டுநர் சொன்னார். அந்த டிக்கெட் பணம் போனது போனதுதான்.

சரி, விளம்பரத்துக்கு வருகிறேன். ‘கோலாலம்பூர் வெறும் 29,999’ என்று ஒரு விளம்பரத்தை வைத்துக்கொண்டு ஒரு முகவரிடம் போய் உட்கார்ந்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறி எதையெல்லாம் மூடியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஜி.எஸ்.டி. தனி. பெட்டிக்குத் தனி. மதியச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் நம் கையிலிருந்து. மலேசிய அரசு வெளிநாட்டவரிடம் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறது, அதுவும் நாம்தான். வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு என்பதால் டி.சி.எஸ். என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் சேரும். கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். கணக்கே தாக்கல் செய்யாத குடும்பம் அதைக் கேட்டு வாங்கப்போவதில்லை. இவை எல்லாம் சேர்ந்தால் 40,000 பக்கம் போய்விடும் போலிருந்தது. நாங்களே டிக்கெட்டும் அறையும் போட்டுக்கொண்டோம்.

எங்கள் நோட்டுக் கணக்கு இது. விமான டிக்கெட் போகவர ஆளுக்கு 15,800 வீதம் நாலு பேருக்கு 63,200. நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு பெட்டி, இரண்டு வழிக்கும் 7,600. டிக்கெட் போடும்போதே பெட்டிக்கும் கட்டிவிட வேண்டும், விமான நிலையத்தில் போய்க் கட்டினால் இதைவிட எவ்வளவோ அதிகம். பாஸ்போர்ட் நாலுக்கும் 5,850. கார் 7,600. பயணக் காப்பீடு 2,400. அத்தைக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் இதை விடவில்லை. ஆக, வெளிநாட்டு மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே 86,650 ரூபாய். இதில் எதுவும் படங்களோடு வரும் கட்டுரைகளில் முழுதாக வருவதில்லை.

அங்கே ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்பது சுலபமான கணக்கு. நாங்கள் போன சமயம் ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 20 ரூபாய். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நாலு பேர் படுக்கிற அறை வரியோடு 200 ரிங்கிட். சாப்பாட்டுக்கு ஆளுக்கு 40 வீதம் 160. உள்ளூரில் சுற்ற 50. மொத்தம் 410 ரிங்கிட், நம் காசில் 8,200. எத்தனை நாளோ அதால் பெருக்கிக்கொண்டு, மேலே ஐந்தில் ஒரு பங்கைத் தொடாத பணமாகத் தனியே வைத்தேன். நாமே பார்த்துப் பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருந்தால்தான் அந்த ஊரில் நிம்மதியாக நடக்க முடிகிறது.

பிரிக்பீல்ட்ஸை நான் எல்லோருக்கும் சொல்வேன். கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையம் நடக்கிற தூரம். தெருவில் தமிழ் கேட்கும், தமிழில் பலகை இருக்கும், வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். அத்தை அங்கே யாரிடமும் வழி கேட்கத் தயங்கவில்லை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர விரைவு ரயில் ஆளுக்கு 55 ரிங்கிட். தனியாள் என்றால் அது சரி. நாலு பேருக்கு 220 ஆகிறது. ஆப்பில் கார் கூப்பிட்டால் எண்பது சொச்சம்தான். பஸ் இன்னும் மலிவு. விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று தூரம். திரும்பி வரும்போது எதிலிருந்து ஏறுகிறோம் என்பதை முன்னாலேயே பார்த்து வைக்க வேண்டும். விடிகாலையில் போய் இறங்கினாலும் அறை மதியத்துக்கு மேல்தான் கொடுப்பார்கள். பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு கிளம்பலாம்; அதற்காக ஒரு நாள் வாடகையைக் கூடுதலாகக் கட்ட வேண்டாம்.

பத்துமலைக்கு சென்ட்ரலிலிருந்தே கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் போகிறது, ஆளுக்கு மூன்று ரிங்கிட்டுக்குள். குகைக் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 272 படி. பண்பொழித் திருமலைக் கோயிலுக்கு நடந்து ஏறிப் பழகிய கால் என்பதால் அத்தை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டார். வெயிலுக்கு முன்னால் போக வேண்டும். 2006-இல் திறந்த அந்த 140 அடி முருகன் சிலைக்குக் கீழே நின்று அத்தை கும்பிட்டபோது மதினி அழுதுவிட்டார். இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏற டிக்கெட் விலை அதிகம். கீழே பூங்காவில் உட்கார்ந்து ராத்திரி விளக்கில் பார்க்கக் காசில்லை, எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் தைப்பூசத்தை ஒட்டிப் போக வேண்டாம். அறை வாடகை ஏறிவிடும். பக்திக்காக அன்றைக்குத்தான் போவேன் என்கிறவர்கள் மாசக்கணக்கில் முன்னால் அறை போட வேண்டும்.

பணத்தை எப்படி எடுத்துப்போவது என்பதற்கு உங்கள் பக்கத்தில் தனிக் கட்டுரையே வேண்டும். இந்திய ரூபாயாக ஆளுக்கு 25,000-க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. ரிங்கிட்டை உரிமம் உள்ள இடத்தில், ரசீதோடு, ஊரிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரும் ஏ.டி.எம். கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வருகிறது. கிளம்புமுன் வங்கி ஆப்பில் அதைத் திறக்க வேண்டும். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயில் போடவா, ரிங்கிட்டில் போடவா என்று கேட்டால் ரிங்கிட் என்று சொல்ல வேண்டும். ரூபாயில் போட்டால் அவர்கள் வைத்த விலைக்குத்தான் மாறும். ஓ.டி.பி. வருவதற்கு நம் சிம் உயிரோடு இருக்க வேண்டும், டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு அங்கே ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டி கட்டுவதில் ஒன்று மட்டும். மருந்தும் மருத்துவர் சீட்டும் பவர் பேங்கும் கைப்பையில். கொப்பரைத் தேங்காய் கூடாது, எளிதில் தீப்பிடிக்கும் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் யார் வெளியூர் போனாலும் தேங்காயும் கொப்பரையும் கட்டிக் கொடுப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஒரு நகரத்தைப் பற்றிப் போடும்போது சென்னையோடு நிறுத்தாமல் செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சி, களியக்காவிளை போன்ற ஊர்களிலிருந்து ஒரு குடும்பம் போய்வந்தால் வீட்டுவாசல் முதல் வீட்டுவாசல் வரை என்ன ஆகும் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே அந்த நாட்டு வருகை அட்டையின் அரசுத் தள முகவரியைப் போடுங்கள். உங்கள் பயணப் பக்கத்தில் விளம்பரம் தருகிறவர்களிடம் நட்சத்திரக் குறியின் விவரத்தைப் படிக்கிற அளவு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் நோட்டு வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன். வருகிற தை மாசம் எங்கள் தெருவிலிருந்து இன்னொரு குடும்பம் கிளம்புகிறது. அதற்குள் வந்தால் அவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
புளியரை, தென்காசி மாவட்டம்.